‘18-க்கு 18’ வாங்கிய ஆன்டிவைரஸ்... அந்த மார்க்கை எவ்வளவு நம்பலாம்?

தூத்துக்குடி துறைமுகம் போகும் வழியில், ஒரு கட்டடத்தின் மாடியில் இருக்கிறது அந்தச் சின்ன கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் ஆபீஸ். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், சுவரில் ஷிப்பிங் கம்பெனி காலண்டர். உரிமையாளர் அண்ணாச்சிக்கு 58 வயது. கம்ப்யூட்டர் சமாசாரம் எல்லாம் அக்கா மகனின் பொறுப்பு. காலேஜ் முடித்த கையோடு மாமாவிடம் வந்து சேர்ந்தவர் அவர்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை. தென்னை நார்க்கட்டி ஏற்றிய கன்டெய்னர் ஒன்று அன்று மாலைக்குள் துறைமுகத்துக்குள் போயாக வேண்டும். ஷிப்பிங் பில்லில் டிஜிட்டல் கையெழுத்து போட டோக்கனைச் செருகினால், கையெழுத்து மென்பொருள் திறக்கவே இல்லை. காரணம், அதற்கு முதல் வாரம்தான் வாங்கிப் போட்டிருந்த புது ஆன்டிவைரஸ். கையெழுத்து மென்பொருளை வைரஸ் என்று நினைத்து, தூக்கி ‘குவாரன்டைன்’ பெட்டிக்குள் பூட்டிவிட்டது. என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. கன்டெய்னர் அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தது. அந்தச் செலவு அண்ணாச்சியின் தலையில்.

“என்னலே, பதினெட்டுக்குப் பதினெட்டு வாங்குனதுன்னு சொல்லித்தான வாங்க வச்ச?” என்பது மாமாவின் கேள்வி.

“ஆமா மாமா, ஜெர்மனியில டெஸ்ட் பண்ணிக் கொடுத்த மார்க்கு அது. பொய்யில்ல” என்பது மருமகனின் பதில்.

“காசு கொடுத்தா எவனும் மார்க் போடுவாம்லே!”

இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. ரெனியூவல் தேதி நெருங்கும்போதெல்லாம் மறுபடி தொடங்குகிறது. இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தேடித்தான் இந்தக் கட்டுரை.

தேர்வு நடத்துவது யார்?

ஆன்டிவைரஸ் பெட்டியிலும் விளம்பரத்திலும் சின்னச் சின்ன முத்திரைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கொடுக்கும் சோதனைக்கூடங்களில் முக்கியமானவை சில. ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் இருக்கும் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் இருக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், லண்டனின் எஸ்.இ லேப்ஸ், 1998 முதல் ‘விபி-100’ என்ற சான்றிதழைக் கொடுத்துவரும் பிரிட்டனின் வைரஸ் புல்லட்டின்.

இவை ஆன்டிவைரஸ் தயாரிப்பவை அல்ல. தயாரித்தவற்றைச் சோதிப்பவை. உலகப் பெரிய நிறுவனங்களோடு நம் நாட்டு நிறுவனங்களும் இந்தத் தேர்வுகளை எழுதியிருக்கின்றன. சென்னையில் 1991-ல் ஜெ.கேசவர்தனன் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங், புனேயில் கட்கர் சகோதரர்கள் வளர்த்த குயிக் ஹீல் ஆகியவை அவற்றில் தெரிந்த பெயர்கள்.

இப்படி ஒரு தேர்வு ஏன் தேவை? ஏவி-டெஸ்ட் கணக்கின்படி, தினமும் 4,50,000-க்கும் அதிகமான புதிய தீய மென்பொருள்கள் பதிவாகின்றன. ஓர் ஆன்டிவைரஸ் இவற்றைப் பிடிக்கிறதா, இல்லையா என்று வீட்டில் உட்கார்ந்து நாம் சோதிக்க முடியாது. சோதிக்கவும் கூடாது. பிரஷர் குக்கர் வெடிக்குமா என்று வீட்டில் சோதித்துப் பார்ப்போமா? ஐ.எஸ்.ஐ முத்திரையைப் பார்த்து வாங்குகிறோம். அதுபோலத்தான் இதுவும்.

மார்க் எப்படி விழுகிறது?

மருமகன் சொன்ன ‘18’ ஏவி-டெஸ்ட் கொடுப்பது. மூன்று பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 6 மார்க். முதலாவது, பாதுகாப்பு. புத்தம்புது தாக்குதல்களையும் ஏற்கெனவே பரவிக்கிடக்கும் வைரஸ்களையும் தடுக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாவது, வேகம். ஆன்டிவைரஸ் போட்ட பிறகு கம்ப்யூட்டர் எவ்வளவு மந்தமாகிறது என்ற கணக்கு. மூன்றாவது, பயன்பாடு. நல்ல கோப்பையும் நல்ல வெப்சைட்டையும் தப்பாகப் பிடித்து நம்மைத் தொந்தரவு செய்கிறதா என்ற கணக்கு. மொத்தம் 17.5 அல்லது அதற்கு மேல் வந்தால் ‘டாப் புராடக்ட்’ முத்திரை.

ஏவி-கம்பேரட்டிவ்ஸ் வேறு மாதிரி. ‘அட்வான்ஸ்டு பிளஸ்’, ‘அட்வான்ஸ்டு’, ‘ஸ்டாண்டர்டு’ எனப் படிநிலைகளாகத் தரம் பிரிக்கும். எல்லா ஆன்டிவைரஸையும் ஒரே மாதிரியான கம்ப்யூட்டர்களில் போட்டு, இன்டர்நெட் இணைப்பு கொடுத்து, அப்டேட் செய்ய விட்டு, ஒரே சமயத்தில் ஒரே ஆபத்தான லிங்க்கைத் திறந்து பார்ப்பது இவர்களின் ‘ரியல் வேர்ல்டு’ சோதனை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? தசமப் புள்ளியில்!

ஒரு சோதனையில் 400 மாதிரிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றைத் தவறவிட்ட ஆன்டிவைரஸுக்கு 99.75 சதவிகிதம். இரண்டைத் தவறவிட்டதற்கு 99.5 சதவிகிதம். விளம்பரத்தில் முதலாவது ‘நம்பர் ஒன்’ ஆகிவிடும், அடுத்தது பட்டியலில் நான்கு இடம் கீழே போய்விடும். உண்மையான வித்தியாசம் ஒரே ஒரு மாதிரி. அடுத்த மாதம் வேறு 400 மாதிரிகளை எடுத்தால் இடம் அப்படியே மாறிவிடலாம். ஏவி-கம்பேரட்டிவ்ஸ் தரவரிசை எண் கொடுக்காமல், கிட்டத்தட்ட ஒரே மாதிரி செயல்பட்டவற்றை ஒரே குழுவாகச் சேர்த்து விருது கொடுப்பதற்கு இதுதான் காரணம். 99.9-க்கும் 99.6-க்கும் நடுவே நாம் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. 99-க்கும் 90-க்கும் இடையே இருப்பதுதான் கவலைப்பட வேண்டிய இடைவெளி.

முத்துச் சலாபத்தில் நடந்த சோதனை

தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. முத்துக்குளித்த காலத்திலேயே இதே கேள்வி இந்தக் கடற்கரையில் இருந்தது.

மன்னார் வளைகுடாவில் சிப்பி விளையும் கடலடித் திட்டுகளைப் ‘பார்’ என்பார்கள். முத்துக்குளிப்புப் பருவத்துக்குப் பெயர் சலாபம். சலாபம் அறிவிப்பதற்கு முன்பு, அரசுத் தரப்பு பாரிலிருந்து மாதிரியாக ஆயிரக்கணக்கில் சிப்பிகளை எடுக்கும். அவற்றிலிருந்து முத்துகளைப் பிரித்து, அளவு வாரியாகத் துளை போட்ட சல்லடைகளில் சலித்து, விவரம் தெரிந்தவர்களை வைத்து மதிப்புப் போடும். ‘ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு மதிப்பு தேறும்’ என்று தெரிந்த பிறகுதான் சலாபம் லாபமா, நஷ்டமா என்று முடிவெடுப்பார்கள். வியாபாரிகளும் அந்த மதிப்பைப் பார்த்துத்தான் வருவார்கள். ஏலமும் ஆயிரம் சிப்பி என்ற கணக்கில்தான் நடக்கும்.

அந்த மாதிரிச் சோதனை பொய்யா? இல்லை. அது இல்லாமல் எந்த வியாபாரியும் பணத்தைக் கொண்டு வந்திருக்க மாட்டார். ஆனால், அது சொன்னது பாரின் சராசரியைத்தான். நீங்கள் ஏலத்தில் எடுத்த குவியலில் முத்து இருக்குமா என்று அது சொல்லவில்லை. மாதிரி எடுத்த இடம் பாரின் வளமான மூலையாக இருந்தால் கணக்கே தப்பிவிடும். போன வருட மாதிரியை வைத்து இந்த வருடம் ஏலம் கேட்டவர் கதி அதோகதி. தூத்துக்குடிக் கடலில் 1955-ல் தொடங்கி வருடா வருடம் நடந்த சலாபங்கள் 1961-ம் ஆண்டோடு நின்றுபோயின. அந்தச் சோதனையிலிருந்த நியாயம் மட்டும் இன்றைக்கும் பொருந்துகிறது.

ஆன்டிவைரஸ் சோதனையும் ஒரு மாதிரிச் சோதனைதான். அதனால் மூன்று கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். மாதிரியை எங்கிருந்து எடுத்தார்கள்? எப்போது எடுத்தார்கள்? அது என் குவியலுக்குப் பொருந்துமா?

அண்ணாச்சி ஆபீஸில் நடந்ததற்கான விளக்கம் மூன்றாவது கேள்வியில் இருக்கிறது. நல்ல மென்பொருளைத் தப்பாகப் பிடிக்கிறதா என்று சோதிக்கும்போது, உலகம் முழுவதும் லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் மென்பொருள்களுக்குத்தான் முன்னுரிமை. ஓர் ஊரில் சில நூறு பேர் மட்டும் வைத்திருக்கும் கையெழுத்துக் கருவியோ, உள்ளூர் புரோகிராமர் எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருளோ அந்தப் பட்டியலில் இருக்க வாய்ப்பு குறைவு. ‘இதை அதிகம் பேர் பயன்படுத்தவில்லை’ என்பதே பல ஆன்டிவைரஸ்களுக்குச் சந்தேகம் வரக் காரணம். ஆக, ஜெர்மனியில் 6-க்கு 6 வாங்கியதும் உண்மை, தூத்துக்குடியில் கன்டெய்னர் நின்றதும் உண்மை.

‘காசு வாங்குகிறார்களே...’

அண்ணாச்சியின் குற்றச்சாட்டுக்கு வருவோம். ஆம், முக்கியச் சோதனைகள் பலவற்றில் பங்கேற்கும் நிறுவனங்கள் சோதனைக்கூடத்துக்குக் கட்டணம் கட்டுகின்றன. இதை ஏவி-கம்பேரட்டிவ்ஸ் மறைப்பதும் இல்லை.

ஆனால், பிளஸ் டூ மாணவரும்தான் தேர்வுக் கட்டணம் கட்டுகிறார். அதனால் விடைத்தாள் திருத்துபவர் விலைபோய்விட்டார் என்று சொல்வோமா? கட்டணம் எல்லோருக்கும் ஒன்றா, தோற்றால் முடிவை வெளியிடுகிறார்களா, சோதனை முறையை முன்கூட்டியே எழுதி வைக்கிறார்களா என்பவைதான் பார்க்க வேண்டியவை. ‘தோற்றால் வெளியிட வேண்டாம்’ என்று ஒரு நிறுவனம் பேசி வைத்துக்கொள்ள முடிந்தால், அது விளம்பரம். ஒரு நிறுவனம் ‘எங்களுக்காகவே’ நடத்தச் சொன்ன சோதனையாக இருந்தால், அந்த அறிக்கையில் யார் பணம் கொடுத்தது என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

இந்தக் குழப்பங்களைத் தீர்க்க 2008-ல் ‘ஆம்ட்சோ’ என்ற அமைப்பு உருவானது. சோதனைக்கூடங்களும் ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் அதில் உறுப்பினர்கள். சோதனைகள் எப்படி நடக்க வேண்டும் என்று விதிமுறைகளை வகுத்திருக்கிறது. ‘தேர்வு எழுதுபவர்களும் தேர்வு நடத்துபவர்களும் ஒரே சங்கத்தில் இருக்கலாமா?’ என்ற விமர்சனமும் உண்டு. என்.எஸ்.எஸ் லேப்ஸ் என்ற அமெரிக்கச் சோதனைக்கூடம், 2018-ல் ஆம்ட்சோ மீதும் சில பெரிய நிறுவனங்கள் மீதும் வழக்கே போட்டது. தங்கள் மென்பொருளைச் சுதந்திரமாகச் சோதிக்கவிடாமல் கூட்டுச் சேர்ந்து தடுக்கிறார்கள் என்பது அதன் புகார். அந்தச் சோதனைக்கூடம் 2020-ல் மூடப்பட்டது. சொல்ல வருவது இதுதான்... இந்தத் துறையில் யாரும் சாமியார் இல்லை. அதனால் ஒரே ஒரு முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

தேர்வில் ஆள்மாறாட்டம்!

2019-ல் நீட் தேர்வு ஆள்மாறாட்டம் தமிழகத்தையே உலுக்கியது நினைவிருக்கிறதா? அதேபோன்ற விஷயம் ஆன்டிவைரஸ் உலகில் 2015-லேயே நடந்தது.

சீனாவின் பெரிய பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான சிஹூ 360, சோதனைக்கூடங்களுக்கு அனுப்பிய பதிப்பில் பிட்டிஃபெண்டர் என்ற ருமேனிய நிறுவனத்தின் இன்ஜின் இயங்கியது. சீனாவில் பொதுமக்களுக்குக் கொடுத்த பதிப்பிலோ அந்த இன்ஜின் அணைக்கப்பட்டு, சிஹூவின் சொந்த இன்ஜின் இயங்கியது. அதாவது, தேர்வு எழுதியவர் ஒருவர், வேலைக்கு வந்தவர் இன்னொருவர். ஏவி-கம்பேரட்டிவ்ஸ், ஏவி-டெஸ்ட், வைரஸ் புல்லட்டின் மூன்றும் சேர்ந்து 2015 ஏப்ரல் 30 அன்று கூட்டறிக்கை விட்டு, அந்த ஆண்டு கொடுத்த சான்றிதழ்களை ரத்து செய்தன. அடுத்த சில நாள்களில் இன்னொரு சீன நிறுவனமான டென்சென்ட்டின் சான்றிதழ்களும் பறிபோயின. சோதனையில் மார்க் கூடுவதற்காகச் செய்யப்பட்ட மாற்றங்கள் அதன் மென்பொருளில் இருந்தன என்பது குற்றச்சாட்டு.

இதை இரண்டு விதமாகப் பார்க்கலாம். ‘பார்த்தியா, எல்லாம் பித்தலாட்டம்’ என்று அண்ணாச்சி சொல்லலாம். ‘கண்டுபிடித்ததே சோதனைக்கூடங்கள்தானே மாமா’ என்று மருமகன் சொல்லலாம். என் ஓட்டு மருமகனுக்கு. கட்டணம் கட்டும் வாடிக்கையாளரையே ஊரறியப் பெயரைச் சொல்லி வெளியேற்றினார்கள் என்பது சின்ன விஷயம் அல்ல. அதேசமயம், நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. சோதித்த பதிப்பும் நம் கையில் இருக்கும் பதிப்பும் ஒன்றா? இலவசப் பதிப்பைச் சோதித்தார்களா, கட்டணப் பதிப்பையா? இதைப் பார்க்காமல் மார்க்கை மட்டும் பார்ப்பது, அக்காவின் மார்க் ஷீட்டைக் காட்டித் தங்கைக்கு சீட் கேட்பது மாதிரி.

மார்க் காலாவதியாகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் இலவச ஆன்டிவைரஸான செக்யூரிட்டி எசென்ஷியல்ஸுக்கு 2012-ம் ஆண்டின் கடைசியில் ஏவி-டெஸ்ட் சான்றிதழ் கொடுக்கவில்லை. பாதுகாப்பில் அவ்வளவு பின்தங்கியிருந்தது. இன்று அதே மைக்ரோசாஃப்ட்டின் டிஃபெண்டர், விண்டோஸிலேயே இலவசமாக வருகிறது. ஏவி-டெஸ்ட்டின் ‘டாப் புராடக்ட்’ முத்திரையைப் பல சுற்றுகளில் வாங்கியிருக்கிறது. ‘டிஃபெண்டரா... அது ஒண்ணுக்கும் உதவாது’ என்று யாராவது இன்றும் சொன்னால், அவர் படித்தது பழைய மார்க் ஷீட்.

உங்கள் மொபைலில் இருப்பது ஆன்டிவைரஸ்தானா?

இதைப் படிக்கும் பலர் கையில் இருப்பது மொபைல். சோதனைக்கூடங்களின் அருமை இங்கேதான் அதிகம் புரியும்.

2019-ல் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், பிளே ஸ்டோரில் கிடைத்த 250 ஆண்ட்ராய்டு ஆன்டிவைரஸ் ஆப்களை எடுத்து, ஒவ்வொன்றையும் 2,000 தீய ஆப்களோடு மோதவிட்டது. 30 சதவிகிதத்தையாவது பிடித்து, நல்ல ஆப்களைத் தப்பாகப் பிடிக்காமல் இருந்தவை வெறும் 80. கவனியுங்கள், பாஸ் மார்க்கே 30தான்!

மீதியில் சிலவற்றின் லட்சணம் சிரிப்பை வரவழைக்கும். அவை எந்த ஆப்பையும் சோதிக்கவே இல்லை. ஆப்பின் உள்பெயர் தங்களிடம் இருக்கும் பட்டியலில் இருந்தால் ‘நல்லது’, இல்லாவிட்டால் ‘ஆபத்து’. பிரபலமான நிறுவனத்தின் பெயரில் தொடங்கும்படி ஒரு வைரஸுக்குப் பெயர் வைத்தால் அது ‘நல்லவன்’ ஆகிவிடும். சில ஆப்கள் தங்கள் பெயரைப் பட்டியலில் சேர்க்க மறந்துபோய், தங்களையே வைரஸ் என்று காட்டிக்கொடுத்தன.

அதற்கு முன்பே 2014-ல் ‘வைரஸ் ஷீல்டு’ என்ற ஆப் 3.99 டாலருக்கு விற்றது. 10,000-க்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள். அது செய்த ஒரே வேலை, தொட்டால் திரையிலுள்ள படத்தில் பெருக்கல் குறியை டிக் குறியாக மாற்றியது. கூகுள் அதை நீக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2022-ல் ஷார்க்பாட் என்ற வங்கித் திருட்டு மென்பொருள், ஆன்டிவைரஸ் வேடத்திலேயே பிளே ஸ்டோருக்குள் நுழைந்திருந்தது.

பிளே ஸ்டோரில் இப்படிப்பட்ட ஆப்களுக்கும் நான்கரை ஸ்டார் இருக்கலாம். ஸ்டார் கொடுப்பவர்கள் நம்மைப் போன்றவர்கள். ‘சூப்பர் ஆப், போன் ஸ்பீடா இருக்கு’ என்று எழுதத் தெரியுமே தவிர, வைரஸைப் பிடித்ததா என்று நமக்குத் தெரியாது. ஸ்டாருக்கும் சோதனைக்கூட மார்க்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மார்க்கில் குறை இருக்கலாம். ஸ்டாரில் இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை.

சிலபஸில் இல்லாத கேள்விகள்

சோதனைக்கூடம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், சில கேள்விகள் அந்தத் தேர்வில் வரவே வராது.

2010 ஏப்ரல் 21. மெக்காஃபி ஆன்டிவைரஸின் ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்.பி-யின் முக்கியமான கோப்பு ஒன்றையே வைரஸ் என்று நினைத்துப் பூட்ட, உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் தவறான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்கின்படி 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் ஊர் விமான நிலையங்களில் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்களே, அந்த நாள்தான். போன மாதம் வாங்கிய முதல் மார்க், நாளைக்கு வரப்போகும் அப்டேட்டுக்கு உத்தரவாதம் இல்லை.

துறைமுகத்துக்காரர்கள் மறக்க முடியாத தேதி 2017 ஜூன் 27. உக்ரைனில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக ‘நாட்பெட்யா’ வைரஸ் கிளம்பி, உலகின் மிகப்பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மெர்ஸ்க்கைச் சாய்த்தது. மும்பைக்கு அருகிலுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் முனையமும் தடுமாறியது. 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் 10 நாளில் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று அதன் தலைவர் பின்னர் சொன்னார். அந்த மீட்புக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? மெர்ஸ்க்கின் கானா நாட்டு ஆபீஸில் அன்று கரன்ட் போயிருந்தது. அதனால் அங்கிருந்த ஒரு சர்வர் மட்டும் தப்பியது. அதிலிருந்த தகவல்களை வைத்துத்தான் மற்றவற்றை எழுப்பினார்கள். அவர்களைக் காப்பாற்றியது, இணைப்பில் இல்லாமல் இருந்த ஒரு நகல்.

மூன்றாவதாக, வைரஸே இல்லாத மோசடி. வெளிநாட்டு வாடிக்கையாளர் பெயரில் ஒரு மெயில் வரும். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்று இருக்கும். அதில் இணைப்பும் இல்லை, வைரஸும் இல்லை. பிடிப்பதற்கு எதுவும் இல்லாத இடத்தில் 18-க்கு 18 வாங்கிய ஆன்டிவைரஸ் என்ன செய்யும்? பழைய நம்பருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் மட்டுமே தப்பிக்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் ‘கல்யாணப் பத்திரிகை’, ‘டிராஃபிக் அபராதம்’ ஏ.பி.கே ஃபைல்கள் விஷயத்திலும், ஆன்டிவைரஸ் எச்சரித்தாலும் ‘சொந்தக்காரர் அனுப்பியதுதானே’ என்று நாமே அனுமதி கொடுத்துவிட்டால் கதை முடிந்தது.

மார்க் ஷீட்டைப் படிப்பது எப்படி?

* ஒரே சோதனைக்கூடத்தின் முடிவு போதாது. குறைந்தது இரண்டு கூடங்கள், கடைசி மூன்று, நான்கு சுற்றுகள். எப்போதும் மேலே இருப்பவற்றில் ஒன்றை எடுங்கள். ஒருமுறை முதலிடம் பிடித்ததைவிட, எப்போதும் முதல் வரிசையில் இருப்பது மேல்.

* நிறுவனத்தின் விளம்பரத்தில் இருக்கும் மார்க்கை விட்டுவிட்டு, சோதனைக்கூடத்தின் சொந்த இணையதளத்தில் பாருங்கள். பெரும்பாலும் இலவசம்தான். தேதியையும் பதிப்பையும் கவனியுங்கள்.

* பாதுகாப்பு மார்க்கை மட்டும் பார்க்காதீர்கள். பழைய கம்ப்யூட்டர் என்றால் வேகம் முக்கியம். ஆபீஸ் என்றால் தவறாகப் பிடிக்கும் கணக்கு முக்கியம்.

* தசமப் புள்ளி வித்தியாசத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

* பணம் கட்டும் முன்பு சோதனைப் பதிப்பைப் போட்டு, உங்கள் வழக்கமான வேலைகள் அத்தனையையும் செய்து பாருங்கள். பில் போடுங்கள், கையெழுத்து போடுங்கள், பிரின்ட் எடுங்கள், தமிழில் டைப் செய்யுங்கள். அவசர நாளில் அல்ல, வேலை குறைந்த நாளில்.

* ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்க்க ‘ஐகார்’ என்ற ஆபத்தில்லாத சோதனைக் கோப்பு இருக்கிறது. மொத்தம் 68 எழுத்துகள்தான். ஆம்ட்சோ இணையதளத்தில் மொபைலுக்கும் இதுபோன்ற சோதனைகள் உண்டு. இது காலிங் பெல்லை அழுத்திப் பார்ப்பது மாதிரி. பெல் அடிக்கிறதா என்று தெரியும், பூட்டு உறுதியா என்று தெரியாது.

* மொபைலில் பிளே புரொடெக்ட்டை அணைக்காதீர்கள். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் ஏ.பி.கே-யை யார் அனுப்பினாலும் நிறுவாதீர்கள்.

* முக்கியமான கோப்புகளை வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, வயரைக் கழற்றி வையுங்கள். கழற்றுவதுதான் முக்கியம்.

* பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

ரெனியூவல் வந்தது

சென்ற வாரம் அந்த ஆபீஸுக்கு மறுபடி போயிருந்தேன். ரெனியூவல் தேதி வந்துவிட்டது. மேஜையில் இரண்டு சோதனைக்கூடங்களின் முடிவுகளைப் பிரின்ட் எடுத்து வைத்திருந்தார் மருமகன். இரண்டிலும் முதல் வரிசையில் இருந்த மூன்று பெயர்களுக்கு அடியில் கோடு. அதில் ஒன்றின் சோதனைப் பதிப்பு, மூலையிலிருந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் பத்து நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. கையெழுத்து மென்பொருள் ‘நம்பகமானவை’ பட்டியலில் ஏறிவிட்டது.

“இப்ப நம்புறீங்களா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“மார்க்க நம்புதேன் தம்பி. ஆனா, நம்ம வேலைக்கு ஆவுமான்னு நாமதான பாக்கணும்? நூறு பேரு நல்லா இருக்குன்னு சொன்ன மாப்பிள்ளைன்னாலும், நம்ம பிள்ளைக்குன்னு வரும்போது நேர்ல போய்ப் பாக்கத்தான செய்யுதோம்” என்றார், புதிதாக வாங்கிய ஹார்டு டிஸ்க்கின் வயரைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டியபடி.